எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாளிரவு, ஃபெங்கல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் விரைந்து நீங்காமல், பல மணி நேரம் ஏறத்தாழ அதே இடத்தில் நிலைகொண்டது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அரசூருக்கு அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நீரில் மூழ்கிற்று. காணை வட்டாரத்தில் நெல்வயல்கள் பல நாள் நீருக்குள் நின்றன.

இரு வாரங்களுக்குப்பின், வருகைக் காலத்தில், அவ்வட்டாரத்துச் சிறு சபை ஒன்றின் வீட்டுக் கூட்டத்தில் நோவாவைக் குறித்துப் பேசும்படி அழைக்கப்பட்டிருந்தேன். செய்தி முடிந்ததும் வாதம் எழுந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியரான மூப்பர் ஒருவர், மக்கள் தொகை அளவுமீறிப் பெருகி, ஏரிக்குள்ளேயே வீடு கட்டும் நிலை வந்ததே இவ்வழிவுக்குக் காரணம் என்றார். சென்னையில் பணிபுரியும் இளைஞர், அது பழைய கதை, காலநிலை மாற்றமே காரணம், இன்னும் சில ஆண்டுகளில் யாவும் முடிந்துவிடும் என்றார். குத்தகைக்கு உழும் ஒருவர், மழைமேல் பழி போட வேண்டாம், அணையைத் திறந்தவர்கள் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். மூதாட்டி ஒருவரோ, இனி ஜலப்பிரளயம் வராது என்று கர்த்தர் நோவாவுக்கு உடன்படிக்கை கொடுத்திருக்க, நாம் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டார். நால்வரும் என் முகத்தையே நோக்கினர். நான் இறுதி ஜெபம் செய்து, ஆசீர்வாதம் கூறிக் கூட்டத்தை முடித்தேன். கடைசிப் பேருந்தைக் காரணம் காட்டி விரைந்து புறப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அன்று கூறாத விடையின் ஒரு பகுதியே இக்கட்டுரை. திருப்பணியாளர் வானிலை அறிஞராக வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் இத்தகைய வாதங்களில் மூன்று வேறு பொருள்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிதல் நம் கடமை. முதலாவது, அளவு: மழை எவ்வளவு, மக்கள் எத்தனை பேர், காற்றில் கரியமிலவாயு எவ்வளவு. இரண்டாவது, முன்னறிவிப்பு: இவ்வளவைக் கொண்டு நாளை என்ன நேரும் என்பது. மூன்றாவது, தீர்ப்பு: யார் குறைத்துக்கொள்ள வேண்டும், யார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது. அளவு கருவியால் சரிபார்க்கத்தக்கது. முன்னறிவிப்பு காலத்தால் சரிபார்க்கப்படுவது. தீர்ப்போ அளவினின்று தானாகப் பிறப்பதில்லை. அதைச் சொல்பவர் எங்கு நின்று சொல்கிறார் என்பதைப் பொறுத்து அமைகிறது. மூன்றும் ஒரே மூச்சில் கூறப்படுவதால், ஒன்றை நம்புகிறவர் மூன்றையும் நம்பிவிடுகிறார். ஒன்றை வெறுக்கிறவர் மூன்றையும் தள்ளிவிடுகிறார். இவ்விரு தவறுகளும் நம் மாவட்டத்து மக்களை எவ்வாறு பாதித்துள்ளன என்பதை வரலாற்றின் வழியே காண்போம்.

மால்தஸ் என்னும் குருவானவர்

மக்கட்பெருக்கத்தைக் குறித்த நவீன அச்சத்தைத் தொடங்கி வைத்தவர் நம் தொழிலைச் சேர்ந்தவரே. தாமஸ் ராபர்ட் மால்தஸ் ஆங்கிலத் திருச்சபையில் அபிஷேகம் பெற்ற குருவானவர். சர்ரே மாவட்டத்தில் ஏழை மக்களுள்ள ஒரு சிற்றூரில் உதவிக் குருவாக ஊழியம் செய்தவர். உணவு கூட்டல் முறையில் வளர, மக்கள் தொகை பெருக்கல் முறையில் வளர்கிறது என்ற புகழ்பெற்ற கருத்தைத் தம் பெயரைக் குறிப்பிடாமலே 1798இல் வெளியிட்டார். பஞ்சமும் நோயும் இவ்விரண்டையும் மீண்டும் சமப்படுத்தும் என்பது அவர் முடிவு. ஏழைகளுக்குச் சட்டப்படி அளிக்கப்படும் உதவி அவர்களை மேலும் பெருகச் செய்யும் என்றும் வாதிட்டார்.

நமக்கு முக்கியமானது அதன் பிற்பகுதி. 1805 முதல் 1834இல் இறக்கும்வரை, கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதற்காக நடத்திய கல்லூரியில் அவர் வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார். ஹெயிலிபரிக் கல்லூரி என்று அது அறியப்படுகிறது. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களை ஆளவிருந்த இளைஞர்கள் அவருடைய மாணவர்கள். ஓர் ஆசிரியரின் கருத்து வகுப்பறையைக் கடந்து எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இறையியற் கல்லூரியில் கற்பிக்கும் எவரும் இதனை எண்ணி நடுங்கலாம்.

தாது வருடத்துத் தராசு

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். மிகக் கொடுமையாக அடிபட்டவை பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் முதலிய மாவட்டங்கள். இன்றைய விழுப்புரத்தை உள்ளடக்கியிருந்த தென்னார்க்காடு அவ்வரிசையில் முதலிடத்தில் இல்லை. ஆயினும் மாகாணம் முழுவதற்கும் இடப்பட்ட ஆணை இம்மாவட்டத்துக்கும் இடப்பட்டது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது.

சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தொடக்கத்திலேயே அரசுச் செலவில் தானியம் வாங்கினார். வாணிபத்தில் அரசு தலையிடலாகாது எனக் கருதிய வைசிராய் லிட்டன் பிரபு இதைக் கண்டித்து, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை 1877 ஜனவரியில் மேற்பார்வையாளராக அனுப்பினார். டெம்பிளின் முன்கதையை அறிந்தால்தான் இது விளங்கும். 1873–74இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது அவர் பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, மிகச் சிலரே இறக்கும்படி காத்தார். அதற்காகக் கிடைத்தது பாராட்டன்று; அளவுமீறிச் செலவு செய்தார் என்ற கண்டனமே. சென்னைக்கு வந்தவர் அக்கண்டனத்தை மறவாத மனிதர். நிவாரண வேலையில் கல்லுடைப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசும் போதும் என்று அவர் விதித்தார்.

இதை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையரான மருத்துவர் வில்லியம் கார்னிஷ். தென்னிந்திய மக்களின் உணவுமுறையை முன்பே ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் அவர். கடும் உழைப்புக்கு இவ்வுணவு போதாது என்று அவர் கூறியது பரிதாபத்தால் அன்று. உடல் எடையையும் இறப்பு எண்ணிக்கையையும் காட்டியே வாதிட்டார். ஒரு பவுண்டா, ஒன்றரைப் பவுண்டா என்பது அன்று செய்தித்தாள்களில் வெளிப்படையாக நடந்த வழக்கு. சென்னையில் பத்திரிகை ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி இதனை 1878இல் இரு தொகுதிகளாக எழுதி வைத்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அச்சில மாதங்களில் இறந்தவர்களுக்கு அது பயன்படவில்லை.

இங்கு லிட்டன் பிரபு கூறிய காரணத்தைக் கவனிக்க வேண்டும். இந்நாட்டு மக்கள் நிலம் தரும் உணவைவிட வேகமாய்ப் பெருகும் இயல்புடையவர் என்பதே அவர் சட்டமன்றத்தில் கூறியதன் சாரம். மால்தஸின் குரலை இதில் கேட்கலாம். தானியம் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் இது கூறப்பட்டது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். உணவு இருந்தது, வாங்கும் கூலி இல்லை. ஆயினும் எண்ணப்பட்டது வயிறுகளே, மூட்டைகள் அல்ல.

இதே பஞ்சத்திலிருந்து வேறொரு கணக்கும் பிறந்தது. இந்திய அரசின் முதல் வானிலை அதிகாரியாக 1875இல் அமர்த்தப்பட்ட ஹென்றி பிளான்ஃபோர்டு, பருவமழை பொய்த்த காலத்தில் காற்றழுத்தம் ஆசியாவின் பெரும்பகுதியில் வழக்கத்தை விட உயர்ந்திருந்ததைக் கண்டார். அவ்வழியில் பின்னர் வந்த கில்பர்ட் வாக்கர், 1904இல் பொறுப்பேற்று, உலகின் பல இடங்களினின்றும் அழுத்தமானிக் குறிப்புகளைத் திரட்டி, இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே அழுத்தம் தராசுத் தட்டுகளைப் போல் ஏறியிறங்குவதைக் கண்டறிந்தார். இன்று எல் நினோ என நாம் செய்தியில் கேட்பதன் பாதி அவர் கண்டதே. 1877இல் மழை பொய்த்ததற்கும் அக்கடல் வெப்பமே பெருங்காரணம் என அறிஞர் இன்று கருதுகின்றனர். ஆக, ஒரே துயரத்தை இருவகையினர் எண்ணினர். ஒருவகையினர் மக்களை எண்ணி, மிகுதி என்றனர். மற்றவகையினர் காற்றை எண்ணி, தங்களுக்கு எட்டாத கடலொன்றின் செயலைக் கண்டனர். எண்ணுதல் தவறு என்று யாரும் இவ்வரலாற்றிலிருந்து முடிவு கட்டலாகாது.

நம் சபைகளின் வரலாறும் இதனோடு பிணைந்தது. பஞ்ச நிவாரணமாக மண் வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய் நம் மரக்காணத்தில் வந்து முடிகிறது. வடக்கே அதன் ஒரு பகுதியை ஒப்பந்தமெடுத்து மக்களுக்கு வேலை தந்தவர் ஓங்கோல் பாப்திஸ்து மிஷனெரி ஜான் கிளௌ. நிவாரணம் நடக்கும்வரை எவருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று தடுத்து வைத்திருந்தவர், 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டதைக் கண்டார். அரசு தராசில் நிறுத்துப் பார்த்தவர்களைத் திருச்சபை பெயர் சொல்லி அழைத்தது எனலாம். ஆனால் நாமும் அவர்களை எண்ணி அறிக்கை அனுப்பினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வராத பஞ்சமும் வந்த வற்புறுத்தலும்

நம் தலைமுறையினர் இளமையில் கேட்ட அச்சத்துக்கு வருவோம். வில்லியம், பால் பேடாக் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவர் 1967இல் எழுதிய நூல், 1975இல் உலகப் பஞ்சம் வரும் என்றது. போர்க்களத்து மருத்துவர் காயமுற்றோரைத் தரம் பிரிப்பதுபோல் நாடுகளைத் தரம் பிரித்து, இந்தியாவைக் காப்பாற்ற இயலாத நாடுகளில் வைத்தது. அடுத்த ஆண்டில் பால் எர்லிக் எழுதிய நூல் டில்லித் தெருவொன்றின் நெரிசலை வருணித்துத் தொடங்கி, உலகெங்கும் விற்றது. ஐ.ஆர். 8, ஆடுதுறை 27 போன்ற நெல் வகைகள் அப்போதுதான் நம் வயல்களுக்கு வந்துகொண்டிருந்தன. 1975 வந்தது, அவர்கள் கூறிய பஞ்சம் வரவில்லை.

வந்தது நெருக்கடி நிலை. 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வட மாநிலங்களில் பெரும்பகுதி வற்புறுத்தலால் நடந்தன. 1974இல் புக்காரெஸ்டு மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்ற பொருள்பட உலகுக்கு எடுத்துரைத்த அதே அமைச்சர் கரண் சிங், இரண்டாண்டுக்குள் நேர்மாறான கொள்கை ஒன்றை வெளியிட்டார். அச்சம் எவ்வளவு விரைவில் நல்லறிவை விழுங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அறுவை மேசையில் கிடத்தப்பட்டவர் யார் என்று கேட்டால், எண்ணுவோர் வீட்டினர் அல்லர். நிலமற்றோரும், ஒடுக்கப்பட்டோரும், சிறுபான்மையினரும்.

தமிழ்நாட்டின் வரலாறு சற்று வேறு. பெரியார் 1930களிலேயே கருத்தடையைப் பெண் விடுதலையின் பொருட்டு வலியுறுத்தினார். நாட்டின் உணவுக் கணக்கின் பொருட்டன்று. 1950களின் பிற்பாதியில் சென்னை மாநிலம் அறுவைக்குப் பணம் கொடுத்தது என்பதும் உண்மையே. ஆயினும் இங்கே பிறப்பு விகிதத்தை இறக்கியவை பெண்கள் பள்ளி சென்றதும், மணவயது உயர்ந்ததும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், 1956இலும் 1982இலும் விரிந்த மதிய உணவும், சிற்றூர்தோறும் வந்த செவிலியருமே என்று நான் கருதுகிறேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள், நாட்டின் சராசரி 2.0. ஆகவே, காணையில் மூப்பர் கூறிய காரணம் அளவிலேயே பிழையானது. பெருகுவதை நிறுத்திவிட்ட மக்களைப் பார்த்துப் பெருகிவிட்டார்கள் என்கிறோம். ஏரிக்குள் வீடு வந்தது பிள்ளைகள் மிகுந்ததால் அன்று. ஏரியை மனையாக்கி விற்றதால்.

இதன் முரணான பிற்சேர்க்கையையும் கூற வேண்டும். 1961 கணக்கெடுப்புக்குப்பின் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. பிறப்பைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் தண்டிக்கப்படலாகாது என்றே 1976இல் இடங்களின் பகிர்வு 1971 கணக்கெடுப்பில் நிறுத்தப்பட்டது. பின்னர் 2026க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்புவரை நீட்டிக்கப்பட்டது. அக்காலம் நெருங்கவே, 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் பெறும்படி பேசினார், முதலமைச்சர் மு. க. ஸ்டாலினும் ஒரு திருமண விழாவில், பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். 2025 மார்ச்சில் சென்னையில் கட்சிகள் பல கூடித் தொகுதி மறுவரையறையை எதிர்த்தன. மாநிலத்தின் கவலை நியாயமானதே. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் குறைவாகப் பெறு என்று கூறப்பட்ட அதே குடிசையை நோக்கி இன்று கூடுதலாகப் பெறு என்று கூறப்படுகிறது. இரு முறையும் அப்பெண்ணைக் கேட்டவர் இல்லை.

நெல்வயலின் கணக்கு

இனிக் காலநிலைக்கு வருவோம். இங்கு நம் காணை வயல்களே வழக்கின் நடுவில் நிற்கின்றன. 1990இல் வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, புவியை வெப்பமாக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவை முதல் ஐந்துக்குள் வைத்தது. நீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் கால்நடையின் வயிற்றிலிருந்தும் எழும் மீத்தேன் வாயுவைச் சேர்த்து எண்ணியது அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டில் டில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வால், சுனிதா நாராயண் இருவரும் இதற்கு மறுப்பு எழுதினர். சோற்றுக்காக எழும் வாயுவையும் சொகுசுக்காக எழும் வாயுவையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்பதே அவர்கள் வினா.

தீர்ப்பு மட்டுமன்றி அளவும் பிழையாயிருந்தது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்க மதிப்பீடு கூறியது. அது பிற நாட்டு வயல்களின் அளவைக் கொண்டு போட்ட கணக்கு. டில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் 1991இல் அறிஞர்கள் பல மாநிலங்களின் வயல்களில் இறங்கி, பயிர்மேல் பெட்டி கவிழ்த்துக் காற்றைப் பிடித்து அளந்தனர். கிடைத்த விடை ஏறத்தாழ 40 இலட்சம் டன். ஒன்பது மடங்கு வேறுபாடு! அளக்காமல் எண்ணப்பட்ட உழவர் மீது ஏற்றப்பட்ட பழி அவ்வளவு.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டி, காலநிலை மாற்றம் என்பதே மேலை நாட்டார் நம்மை ஒடுக்கக் கட்டிய கதை என்பவர் இன்று நம் சபைகளிலும் உண்டு. அவர்களுடைய கோபத்தை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலாது. மித்ரா காட்டியது மீத்தேன் இல்லை என்பதன்று, எவ்வளவு என்பதே. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து இலட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் செயலே புவியை வெப்பமாக்கியுள்ளது என்பதில் ஐயமில்லை என்று பன்னாட்டு அறிஞர் குழு 2021இல் கூறிற்று. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் உயர்ந்தது. இவை வல்லரசுகளின் சொல்லன்று; கருவிகளின் சொல். இன்னும் கூறினால், வல்லரசுகளுக்கே இது சங்கடமானது. ஏனெனில் ஓர் அமெரிக்கர் வெளியிடும் கரியமிலவாயு ஓர் இந்தியர் வெளியிடுவதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. அளவை மறுக்கும் ஏழை, தன் வழக்கின் முதற் சான்றையே கிழித்துப் போடுகிறான்.

ஃபெங்கல் புயலுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். காற்று ஒரு டிகிரி வெப்பமுறுந்தோறும் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆதலால் பெருமழை மேலும் பெருமழையாகும் என எதிர்பார்க்கலாம். ஆனால் மயிலத்து 50 சென்டிமீட்டரில் எத்தனை சென்டிமீட்டர் புகைபோக்கியால் வந்தது என்று வீட்டுக் கூட்டத்தில் பிரித்துக் கூற முடியாது. இளைஞர் கூறியதில் உண்மை உண்டு. ஆனால் யாவும் முடிந்துவிடும் என்பது அளவன்று, சோர்வு. அணை முன்னறிவிப்பின்றித் திறக்கப்பட்டது என எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. பலமுறை எச்சரித்தோம் என அரசு மறுத்தது. அவ்வழக்கில் நான் தீர்ப்புக் கூறவில்லை. எச்சரிக்கை அலுவலகத்தினின்று புறப்பட்டதா என்பது ஒரு கேள்வி. ஆற்றோரத்துக் குடிசைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறொரு கேள்வி என்று மட்டும் கூறுவேன். கட்டிய சில மாதங்களில் 2021இல் உடைந்த தளவானூர் தடுப்பணையைக் கண்டவர்கள், எல்லாவற்றுக்கும் காலநிலையே காரணம் என்ற சொல்லை அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டார்கள். அச்சுறுத்தும் சொல் ஏழையை வருத்தக்கூடும். பொறுப்புடையவருக்கு ஒளிவிடமும் ஆகக்கூடும்.

யோசேப்பின் களஞ்சியம்

இறையியல் உலகில் இவ்வாதம் பெரும்பாலும் ஆதியாகமம் 1:28ஐச் சுற்றியே நடந்துள்ளது. கிறிஸ்தவமே இயற்கையை அடிமையாக்கக் கற்பித்தது என லின் ஒயிட் 1967இல் எழுதியது முதல், ஆளுகை என்ற பொருள்தரும் ராதா, கீழ்ப்படுத்துதல் என்ற பொருள்தரும் கபாஷ் என்னும் எபிரெயச் சொற்களை விளக்கியும், இரண்டாம் அதிகாரத்தின் பண்படுத்துதல், காத்தல் என்ற சொற்களை எதிர்வைத்தும் நாம் எழுதிவருகிறோம். ஒயிட் தாமே பிரெஸ்பிட்டேரியப் போதகரின் மகன் என்பதும், அசிசி பிரான்சிஸைக் காவலராக முன்வைத்தார் என்பதும் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. அவ்விளக்கங்கள் தேவையானவையே. ஆயினும் மனிதன் இயற்கையை என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்கும்போது, இயற்கையின் பெயரால் மனிதன் மனிதனை என்ன செய்கிறான் என்பது விடுபட்டுப் போகிறது. 1975இல் நைரோபியில் கூடிய உலகத் திருச்சபைகளின் மன்றம், நிலைத்து நிற்கத்தக்க சமுதாயம் என்பதோடு நீதியையும் பங்கேற்பையும் சேர்த்தே கூறியது இதனால்தான்.

மூதாட்டியின் கேள்வியைத் தட்டிக்கழித்ததே எனக்கு மிகவும் உறுத்தலாயிற்று. ஒன்பதாம் அதிகாரத்து உடன்படிக்கை, உலகை வெள்ளத்தால் அழிப்பதில்லை எனத் தேவன் தம்மையே கட்டுப்படுத்திக்கொண்ட உடன்படிக்கை. மனிதர் ஒருவர்க்கொருவர் செய்யும் அழிவுக்கு அது காப்புறுதி அன்று. அதே பகுதியில் சிந்தப்பட்ட இரத்தத்துக்குக் கணக்குக் கேட்பேன் என்றும் அவர் கூறுகிறார். எச்சரிக்கை நிறைவேறாவிட்டால் எச்சரித்தவன் பொய்யன் ஆவதுமில்லை. நினிவே அழியாதது கண்டு எரிச்சலுற்ற யோனாவுக்குத் தேவன் கற்பித்த பாடம் அதுவே. பேடாக் சகோதரர் பிழைபட்டது பஞ்சம் வராததால் மட்டுமன்று. வந்தால் யாரைக் கைவிடுவது என்று முன்கூட்டியே முடிவு கட்டியதால்.

ஆனால் நம் பொருளுக்கு மிக நெருங்கிய பகுதி ஆதியாகமம் 41ஆம், 47ஆம் அதிகாரங்கள். முதலாவதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். இரண்டாவதை அரிதாகவே தொடுகிறோம். யோசேப்பின் அளவு சரி, முன்னறிவிப்பும் சரி. செழிப்பான ஆண்டுகளில் விளைவின் ஐந்திலொரு பங்கு மக்களிடமிருந்தே சேர்க்கப்பட்டது. பஞ்சம் வந்தபோது அவர்கள் விளைத்த அதே தானியம் அவர்களுக்கே விற்கப்பட்டது. முதலில் பணம் தீர்ந்தது; பின்பு ஆடுமாடுகள்; அதன்பின் நிலம்; இறுதியில் அவர்கள் தங்களையே விற்றனர். 47:21இல் மசொரெத்திய பாடம் யோசேப்பு மக்களை நகரங்களுக்குக் குடிபெயர்த்தார் என்கிறது. சமாரிய பாடமும் கிரேக்கப் பெயர்ப்பும் அவர்களை அடிமைகளாக்கினார் என்கின்றன. எந்தப் பாடத்தைக் கொண்டாலும் கதை ஒன்றே: உண்மையான எச்சரிக்கை, திறமையான நிர்வாகம், முடிவில் ஒரு நாடு முழுவதும் பார்வோனின் பண்ணையாட்கள். உயிர் பிழைத்தனர், நன்றியும் கூறினர் என்று வேதம் மறைக்காமல் எழுதுகிறது. அடுத்த நூலின் தொடக்கத்திலேயே யோசேப்பின் சொந்த இனம் பார்வோனுக்குச் செங்கல் அறுக்கிறது. அங்கும் ஒரு மன்னன் மக்கள் தொகையைக் கண்டு அஞ்சுகிறான், அவனுடைய தீர்ப்பு எபிரெயக் குழந்தைகள்மேல் விழுகிறது.

சென்ற ஆண்டின் பிற்பகுதியில் அதே சபைக்கு மீண்டும் சென்று, 47ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தோம். மூப்பரும் இளைஞரும் இம்முறை அமைதியாயிருந்தனர். குத்தகைக்கு உழுபவரே கேட்டார்: எல்லார் நிலமும் போனபோது ஆசாரியரின் நிலம் மட்டும் ஏன் விற்கப்படவில்லை, ஐயா? பார்வோன் அவர்களுக்குப் படியளந்ததால் விற்கத் தேவையில்லை என்று 22ஆம் வசனத்தைக் காட்டினேன். அப்படியானால் பஞ்சம் எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லையே என்றார் அவர். மூதாட்டி சிரித்தார். நான் என் கையிலிருந்த வேதாகமத்தையும், பின்னர் காணிக்கைத் தட்டையும் பார்த்தேன். அதே அதிகாரத்தை அடுத்த கூட்டத்திலும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.